ஜெபம் வறண்டுபோனால் கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: எனக்கு 44 வயது. கருங்கல் பக்கம் எங்கள் ஊர். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் பிளஸ் டூ படிக்கும் மகனும். கொஞ்சம் ரப்பரும் உண்டு. சபையில் குவயரில் பாடுகிறேன், ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் குழுவுக்கும் போகிறேன். படுக்கப் பன்னிரண்டு ஆனாலும் நாலரைக்கு எழுந்து நான்கு அதிகாரம் வாசிக்கிறேன். அப்படியும் அட்டவணையில் நாற்பது அதிகாரம் பாக்கி. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் யூடியூபில் தேவசெய்தி ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் செய்தும் ஒரு வருடமாக உள்ளே ஒன்றுமில்லை. ஜெபம் ஒப்பிப்பது போல இருக்கிறது. போன மாதம் உபவாச ஜெபத்தில் தலைசுற்றி விழப்பார்த்தேன் (சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்). சத்துருவின் போராட்டம், இன்னும் அதிகமாய் ஜெபி என்றார்கள். நாத்தனார் தாங்கள் போகும் சபைக்குக் கூப்பிடுகிறார். அங்கே அபிஷேகம் உண்டாம். சபைத் தேர்தல் பிரச்சினையில் என் நெருங்கிய தோழியோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. குவயரில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். மகன் வீட்டு ஜெபத்துக்கு உட்காருவதில்லை. நான் எங்கே தவறினேன்? இன்னும் எவ்வளவு நேரம் ஜெபித்தால் சரியாகும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தத் தலைசுற்றல். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் தாண்டியும் வெறும் வயிற்றில் இருந்தால் சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் குறைவு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அடையாளம். அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். போராட்டம் என்று சொன்னவர்கள் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம், வெள்ளிக்கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சாப்பிடாமல் இருக்கிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று நேரக் கணக்கோடு சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். அவர் உபவாசம் கூடாது என்றால் அதற்காகக் குற்ற உணர்வு தேவையில்லை. வேளைக்குக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டு, வியாழன் இரவு முதல் வெள்ளி இரவு வரை போன் வந்தால் பேசுவது தவிர வேறெதற்கும் போனைத் தொடாமல் இருங்கள். உங்கள் நிலைமையில் பட்டினியைவிட இது கடினமான உபவாசம் என்றே நினைக்கிறேன்.

அதே டாக்டரிடம் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இந்த வயதில் பெண்களுக்கு இரத்தச்சோகையும் தைராய்டு குறைவும் சாதாரணம். இரண்டும் மந்தத்தையும் எதிலும் பிடிப்பில்லாத சோர்வையும் கொண்டுவரும். ஜெபத்தில் அது முதலில் தெரியும், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் அசையாமல் உட்காருகிறீர்கள். இன்னொன்றையும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபம் மட்டுமா ருசிக்கவில்லை? சாப்பாடு, மகனோடு பேச்சு, பாட்டு எல்லாமே ருசியற்றுப் போய், அது இரண்டு வாரத்துக்குமேல் அநேகமாகத் தினமும் நீடித்து, தூக்கமும் கெட்டு, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணமும் தலைகாட்டுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போக முடியாத நேரத்தில் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுகருக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரையைக் காட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி. இன்னும் எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும் என்கிறீர்கள். கொஞ்ச காலத்துக்குக் குறைவாக, என்பதுதான் என் பதில்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆவிக்குரிய பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து இருநூறு வருடம் தாண்டிவிட்டது. கோட்டாறு, கடற்கரை ஊர்களின் கத்தோலிக்கச் சரித்திரம் அதைவிடப் பழையது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். நடந்துபோகும் தூரத்தில் இரண்டு மூன்று ஆலயம், வருடம் முழுக்கக் கன்வென்ஷன், பண்டிகை, அசனம், வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு உள்ளே வறண்டால் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: இன்னொரு கூட்டத்துக்குப் போ. உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். பாடுகிறீர்கள், கற்பிக்கிறீர்கள், கூட்டம் நடத்துகிறீர்கள், பிறருக்காக ஜெபிக்கிறீர்கள், மிச்ச நேரமெல்லாம் யாரோ பேசுவதைக் கேட்கிறீர்கள். நீங்களும் கர்த்தரும் மட்டும் சும்மா இருக்கிற நேரம் என்று அதில் ஐந்து நிமிடம்கூட எனக்குத் தட்டுப்படவில்லை. இதற்குமேல் ரப்பர் வைத்திருக்கிற வீட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைப் பால் வருகிறதே என்று தினமும் வெட்டினால் பட்டை வறண்டுவிடும். அப்புறம் உரம் போட்டும் பிரயோஜனமில்லை. வெட்டாமல் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, ஏன் ஜெபிக்கவில்லை என்று கேட்கவுமில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. ஓரேபில் கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் நாலரை மணி நேரம் தூங்குகிறீர்கள். அதில் எந்த ஜெபமும் நிற்காது. முதல் இரண்டு வாரத்துக்கு வேறு எதையும் மாற்ற வேண்டாம். பத்தரைக்குள் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் போதும். நாலரை மணி ஜெபத்தை விட்டதற்காக யாராவது கேட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு நிலைமை ஓரளவு பிரியத் தொடங்கும். தூங்கியதும் ஜெபத்தில் கொஞ்சம் உயிர் வந்தால், இருந்தது களைப்பு. களைப்பெல்லாம் போயும் ஜெபம் மட்டும் வெறுமையாக இருக்கிறது, ஆனால் கர்த்தரை இழந்துவிட்டேனோ என்ற ஏக்கம் மாறாமல் இருக்கிறது என்றால், அது பழைய பரிசுத்தவான்கள் பலரும் கடந்துபோன வறட்சி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் யோவான் என்ற துறவி இதற்கு ஒரு அடையாளம் சொல்கிறார்: வெதுவெதுப்பான ஆளுக்கு இந்தக் கவலையே இருக்காது. நீங்கள் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, சலிப்பு. அதுதான் தந்திரமானது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி அதை நடுப்பகல் பேய் என்று எழுதி வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு மேல் பிடிக்குமாம். துறவி ஜன்னலையே பார்ப்பான், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று வெளியே வந்து வந்து சூரியனைப் பார்ப்பான், கூட இருக்கிற சகோதரர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும், கடைசியில் இந்த இடம் சரியில்லை, வேறு இடம் போனால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைப்பான். உங்கள் நாத்தனார் கூப்பிட்டபோது மனதில் ஒரு துள்ளல் வந்ததா? வந்திருந்தால் அது அழைப்பா, இந்தச் சலிப்பா என்று இப்போது உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. யாராலும் முடியாது. அதனால்தான் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலாவின் இஞ்ஞாசியார், மனம் வறண்டு கலங்கியிருக்கும் காலத்தில் எந்தப் பழைய தீர்மானத்தையும் மாற்றாதே என்று விதியே எழுதி வைத்தார். சபை மாறும் பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். நாத்தனாரிடம் 'இல்லை' என்று முகத்தில் அடிக்க வேண்டாம். 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்றால் போதும். ஆறு மாதம் கழித்தும் போகத் தோன்றினால், அந்த சபையில் மூன்று காரியத்தை மட்டும் விசாரியுங்கள்: காணிக்கைக் கணக்கை எல்லோருக்கும் வாசிக்கிறார்களா, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, விட்டுப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள். அபிஷேகத்தை விசாரிப்பதைவிட இது எளிது. (வன்முறை, பாலியல் தொந்தரவு, பணம் பறிப்பு நடக்கும் இடமென்றால் ஆறு மாதம் காத்திருக்கும் இந்த விதி பொருந்தாது, அன்றே வெளியேற வேண்டும்.)

இனி காலை நேரம். ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் வாசிக்கும் அட்டவணையை மூடி வையுங்கள். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்றேகால் என்று வரும். ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்து எல்லோரும் உற்சாகமாகத் தொடங்குவார்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று என்றால் ஜனவரி 30இல் அது முடியும், அடுத்த நாள் லேவியராகமம். சபையில் பாதிப்பேர் நின்றுபோவது அங்கேதான். நிற்காதவர்களுக்கு வேறு வியாதி: பாக்கிக் கணக்கு. நாற்பது அதிகாரம் பாக்கி என்று எழுதியிருந்தீர்களே, அந்த நாற்பதும் இன்று முதல் தள்ளுபடி. விட்ட நாளை ஈடுகட்ட ஓடும்போது கண் வரியில் இருக்கும், மனம் எண்ணிக்கையில் இருக்கும்.

அதற்குப் பதிலாகப் பதினைந்து நிமிடம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், நாளுக்குப் பத்து வசனம் மட்டும். பத்து வாரத்தில் முடிந்துவிடும். அச்சடித்த வேதாகமம், சாதாரண அலாரம் கடிகாரம், ஒரு நோட்டு, பேனா. போன் அடுத்த அறையில் இருக்கட்டும். போனில் வேதாகமம் திறந்தால் வசனத்துக்கு முன்பே வாட்ஸ்அப் வந்து நிற்கும். உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். பிறகு அந்தப் பத்து வசனத்தை உங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக வாய்விட்டு வாசியுங்கள். ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி வாசியுங்கள். இரண்டாம் தடவை ஏதாவது ஒரு சொல் மனதில் தட்டும். தட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு வரியை நோட்டில் எழுதுங்கள். அதைப் பற்றியே கர்த்தரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். மற்ற ஜெபக் குறிப்புகள் இதற்குள் வரக் கூடாது, அவற்றுக்குச் சாயங்காலம் இருக்கிறது. மீதி நேரம் மறுபடியும் சும்மா. அலாரம் அடித்ததும் எழுந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்போல் தோன்றினாலும் எழுந்துவிடுங்கள். மறுநாள் உட்கார ஆசை மிச்சமிருக்கும்.

முதல் வாரத்தில் இது எரிச்சலாக இருக்கும். அமைதியாக உட்கார்ந்த மறுநிமிடம் பால்கார அக்காவுக்குப் பாக்கி, மகனின் டியூஷன் பீஸ், சங்கக் கணக்கு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அது பிசாசின் வேலை என்று பயப்பட வேண்டாம். நாள் முழுக்கச் சத்தத்தின் அடியில் கிடந்தவை, சத்தம் நின்றதும் மேலே வருகின்றன, அவ்வளவுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'டியூஷன் பீஸ்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். எழுதிய பிறகு மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்காது. தூக்கம் வந்தால் நின்றுகொண்டு வாசியுங்கள்.

யூடியூபைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தி கேட்பது தவறில்லை. ஆனால் கறிக்குத் தாளிக்கும்போது பாதி, பஸ்ஸில் பாதி என்று நாளுக்கு நாலைந்து பிரசங்கிகளைக் கேட்டால், ஒருவர் சொன்னது இறங்குமுன் இன்னொருவர் வந்துவிடுகிறார். கேட்ட வசனத்தைச் செய்து பார்க்க நேரமே இல்லை. வாரத்துக்கு ஒரு செய்தி போதும், உட்கார்ந்து கேளுங்கள். சமையலறையில் ஒரு கீர்த்தனையை நீங்களே முணுமுணுத்துக்கொண்டிருங்கள். குவயர் சத்தத்தில் நில்லாமல் உங்களுக்காக ஒரு பாட்டுப் பாடி எத்தனை நாள் ஆகிறது? காலையில் ஆறு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வரும் ஆறு வாக்குத்தத்த வசனங்களையும் மதியம் வரை திறக்காதீர்கள். எரேமியா 29:11 அநேகமாக வாரம் ஒரு தடவை வரும். நல்ல வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நெடுநாள் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் நம்பிக்கை தருகிறது. வாக்குத்தத்தத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்து, அது சாயங்காலத்துக்குள் நடக்காவிட்டால் என் விசுவாசம் குறைவு என்று நினைக்கும் பழக்கம் உங்களைப் போன்றவர்களைத்தான் அதிகம் களைக்க வைக்கிறது.

இரவுக்குப் பத்து நிமிடம் வேண்டும். கோட்டாறு ஆலயத்துக்குப் பெயரான சவேரியாரை எல்லோருக்கும் தெரியும். இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களில் ஒருவர் அவர். அந்தக் கூட்டத்தார் தினமும் செய்த ஆத்தும சோதனையை எந்தச் சபைக்காரரும் செய்யலாம். படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுவீர்கள், நாற்காலியில் உட்காருங்கள். முதலில் அன்றைய நாளில் மூன்று சின்னக் காரியத்துக்கு நன்றி, பெயர் சொல்லி. 'எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்' என்றால் கணக்கில் சேராது. 'ஏழாம் வகுப்புப் பையன் இன்று தானாக வீட்டுப்பாடம் செய்து வந்தான்' என்றால் சேரும். பிறகு, நாளைச் சரியாகப் பார்க்க வெளிச்சம் தாரும் என்று ஒரு வரி. பிறகு எழுந்ததிலிருந்து மணிக்கு மணி ஓட்டிப் பாருங்கள்: எங்கே மனம் லேசானது, எங்கே இறுகியது, மாமியாரிடம் எந்தக் குரலில் பேசினேன். அடுத்து, சரிசெய்ய வேண்டியதற்கு மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு காரியம். இதில் ஆகிற தவறு, மூன்றாவது படியிலேயே நின்று நம்மை நாமே அடித்துக்கொள்வது. இது சுயவிசாரணைக் கூண்டு கிடையாது. மனம் எங்கே லேசானது என்ற கேள்வியை முதலில் கேட்டால் அந்த ஆபத்து குறையும்.

ஒன்றுமே சொல்ல வராத நாளில் 13ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார் தாவீது. மூன்றும் நான்கும் வேண்டுதல். கடைசி இரண்டு நம்பிக்கை. இதே அமைப்பில் நீங்களும் எழுதலாம். ஒளிவுமறைவு இல்லாத ஒரு முறையீடு, ஒரு வேண்டுதல், இன்னும் விடாமல் பிடித்திருக்கிற ஒரு நம்பிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மூன்றாவது வரி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கணவர் தூரத்தில் இருக்க, எல்லாப் பாரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிற உங்களுக்கு முறையிட நிறைய இருக்கும். அதைச் சொல்லாமல் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் ஜெபம் ஒப்பிப்பதுபோல ஆகியிருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

பொறுப்புகள் நான்கு இருக்கின்றன. இரண்டாகக் குறையுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல், யாரும் கவனிக்காவிட்டாலும் செய்யப் பிடிக்கிற வேலை. உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் ஞாயிறு பள்ளி என்று ஊகிக்கிறேன், முடிவு உங்களுடையது. சங்கச் செயலாளர் பொறுப்பை நடுவில் போட்டுவிட்டு வந்தால் ஊரில் நாலு கதை முளைக்கும். அறுப்பின் பண்டிகை மாதிரி ஒரு வேலை முடிகிற சமயம் பார்த்து, ஒரு மாதம் முன்பே போதகரிடம் நேரில் சொல்லுங்கள். மினிட்ஸ் நோட்டு, ரசீது புத்தகம், வங்கிப் பாஸ்புக், கையிருப்புத் தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, புதியவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், உடம்பு முடியவில்லை, மகனுக்குப் பரீட்சை என்ற உண்மையே போதும். விலகும்படி கர்த்தர் சொன்னார் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதற்குமேல் யாரும் பேச முடியாது, பின்னால் நீங்களும் திரும்பி வர முடியாது.

வெள்ளிக்கிழமைக் குழுவை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தோழி விஷயத்தைக் கடைசியில் ஒற்றை வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் நடுப்பகுதியாகப் பட்டது. இரண்டு வருடம் ஒரே வரிசையில் நின்று, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடி, முகம் பார்க்காமல் இறங்கிப் போகிறீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை உங்களுக்கு அந்த ஒன்றரை அடி தூரத்தை நினைவுபடுத்துகிறது. அந்த இடத்துக்குப் போனதும் மனம் தன்னை மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. அது மூடிக்கொண்டால் தோழிக்கு மட்டும் மூடாது. மத்தேயு 5:23, 24இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது இதனால்தான்.

தேர்தலில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நம் சபைகளில் தேர்தல் வந்தால் குடும்பம் குடும்பமாகப் பிரிவதும், முடிந்த பிறகு ஆண்கள் டீக்கடையில் சிரித்துப் பேசிக்கொள்ள, பெண்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதும் புதிதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது சின்னதுதான். மத்தேயு 18:15 சொல்லும் முறை, தனியாகப் போவது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். எழுத்தில் குரல் தெரியாது, அதோடு அந்தச் செய்தி இன்னொருவர் போனுக்கும் போகும். வார நாளில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கே போங்கள், பத்து நிமிடத்துக்குமேல் இருக்க வேண்டாம். பேச வேண்டியதை முந்தின நாள் எழுதிப் பாருங்கள். உங்கள் பங்கு மட்டும் அதில் இருக்க வேண்டும்: 'எலெக்‌ஷன் நேரத்துல உன்னப் பத்தி நாலு பேர்ட்ட நான் பேசினேன். அது தப்பு. மன்னிச்சிரு.' இவ்வளவுதான். இதற்குப் பின்னால் 'ஆனா நீயும்' என்று ஒரு சொல் வந்தால் மன்னிப்புக் கேட்டது வழக்காடுவதாக மாறிவிடும். பெரும்பாலான ஒப்புரவு முயற்சிகள் கெட்டுப்போவது அந்த 'ஆனா'வில்தான். அவர் பங்கை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். யார் ஜெயித்தார், கணக்கு என்ன ஆனது என்ற பேச்சு எழுந்தால், அது இன்னொரு நாள் என்று எழுந்துவிடுங்கள்.

அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். ரோமர் 12:18 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்றுதான் சொல்கிறது. அந்த இரண்டு சொல்லையும் பவுல் சும்மா போடவில்லை. உங்களாலானதைச் செய்துவிட்டீர்கள் என்றால், அடுத்த ஞாயிறு ஒரு ஸ்தோத்திரம் சொல்லித் தலையசையுங்கள், அதற்குமேல் தள்ளாதீர்கள். பழைய நெருக்கம் திரும்பாமலே பகை மட்டும் தீர்வதும் உண்டு, அதுவும் போதுமானதே.

இதையெல்லாம் தனியாகச் சுமக்காமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒருவர். பெண்ணாக, உங்களைவிட மூத்தவராக, தேர்தலில் எந்தப் பக்கமும் சாராதவராக, முக்கியமாக ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பிறர் வீட்டு விஷயத்தைக் குழுவில் போடாதவராக இருக்க வேண்டும். கடைசித் தகுதிக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: அவர் உங்களிடம் மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் உங்களைப் பற்றியும் சொல்வார். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் சந்தித்து, நோட்டில் எழுதியதில் ஒன்றிரண்டை வாசித்துக் காட்டி, சேர்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள். பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியையோ, போதகரின் மனைவியோ, கத்தோலிக்கர் என்றால் ஒரு அருட்சகோதரியோ பொருந்தும்.

மூன்று மாதம் இப்படி நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போது ஜெபத்தில் கண்ணீர் வந்ததா, உடம்பு சிலிர்த்ததா என்று எழுத வேண்டாம். கலாத்தியர் 5:22, 23இல் ஒன்பது இருக்கிறது; அதில் நீடிய பொறுமையும் தயவும் சமையலறையில் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். நமக்கு நம் குரல் தெரியாது, வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். 'அம்மா இப்போ கத்துறது கொறஞ்சிருக்கா?' என்று மகனிடமே கேளுங்கள். அவன் ஒளிக்காமல் சொல்வான்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ பையன் முக்கால் மணி நேர வீட்டு ஜெபத்துக்கு உட்காராதது பெரிய விசுவாச வீழ்ச்சி ஒன்றுமில்லை. பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்குங்கள்: ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், ஒரு சங்கீதம், மாமியார் ஒரு ஜெபம், கர்த்தருடைய ஜெபம். சங்கீதத்தை வாசிக்கும் வேலை அவனுக்கு. எதை வாசிப்பது என்பதும் அவன் இஷ்டம். 117ஐ எடுத்தால் இரண்டே வசனத்தில் முடித்துவிடுவான், முடிக்கட்டும். ஜெபத்தில் அவனுடைய மார்க்கையும் அவன் செய்த தவறையும் சொல்லிக் கர்த்தருக்குப் புகார் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் எழுந்து போவது முக்கியமாக அதற்குத்தான். வராத நாளில் கூப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள், சாப்பாட்டு வேளையில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். மாமியாருக்கு இது பிடிக்காது. பரீட்சை முடியும்வரை இப்படித்தான் என்று அவரிடம் முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள், பையன் தலையில் விடாதீர்கள்.